சமையலறைச் சுவரில் அக்கா மாட்டிய யப்பான் படம்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பலர் அவர் போட்ட தேத்தண்ணியைக் குடித்தவர்கள். சிலர் அவரிடம் ஏச்சும் வாங்கியவர்கள். இரண்டையும் கூடுதலாகப் பெற்றவள் தங்கையாகிய நான்தான். அதனால் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அக்கா இணுவிலில் மூத்த பெண்ணாகப் பிறந்தார். அப்பா இளவயதில் காலமானதால் படிப்பை விட்டு, தையல் தைத்து என்னைப் படிக்க வைத்தார். மணமுடித்து அத்தானுடன் கொழும்பில் குடியிருந்தபோது எண்பத்துமூன்று ஆடிக் கலவரம் வந்தது. வீடு எரிந்தது. உடுத்திருந்த உடுப்போடு கப்பலேறி ஊர் திரும்பினார்கள். அடுத்த வருடம் அம்மா, அக்கா, நான் மூவரும் ரொறன்ரோ வந்து சேர்ந்தோம். அத்தானின் தகப்பனார் பாயோடு கிடந்தார். அவரைத் தனியே விட்டு வர அத்தானுக்கு மனம் வரவில்லை. "பின்னாலை வாறன்" என்று சொல்லி அக்காவை அனுப்பிவைத்தார்.

ஸ்காபரோவில் எங்கள் அப்பாட்மென்றுக்கு வந்தவர்களுக்கு அக்காவின் வழக்கம் தெரியும். மிசிசாகாவிலிருந்து யாராவது "வெளிக்கிடுறம்" என்று போன் எடுத்த உடனே கேத்திலை அடுப்பில் வைத்துவிடுவார். அவர்கள் வந்து சேர்வதற்குள் அது பலமுறை கொதித்து, தண்ணீர் வற்றி, திரும்பவும் நிரப்பப்பட்டிருக்கும். "வாற ஆக்கள் கதவைத் திறக்கேக்கை ஆவி முகத்திலை அடிக்கவேணும்" என்பார். கரண்டுக் காசை நினைத்து அம்மா முணுமுணுப்பார். அக்கா காதில் விழுத்தமாட்டார்.

படங்களுக்குச் சட்டம் போடும் கடையொன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. முதலாளி, யப்பானியப் பரம்பரையில் வந்த வயதான அம்மா. ஒரு வருடப்பிறப்புக்கு அவர் அக்காவுக்குப் பழைய யப்பான் படமொன்றைக் கொடுத்தார். மூலையில் தண்ணீர்க் கறை பட்டதால் விலைபோகாத படம். மரப்பலகையில் செதுக்கி, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு பலகையாக மை பூசி, தாளை வைத்துத் தேய்த்து எடுத்தது. கணப்புச் சட்டியில் கறுத்த இரும்புக் கேத்தில், பக்கத்தில் ஒரு கிண்ணம், தேயிலைத் தூளைக் கலக்கும் மூங்கில் தூரிகை, குறுக்கே வைத்த அகப்பை. அவ்வளவுதான். ஆளில்லை.

அக்கா அதற்குத் தானே சட்டம் போட்டுக் கொண்டுவந்து அடுப்புக்கு மேலே மாட்டினார். அம்மா பார்த்தார்; முகம் கறுத்துவிட்டது.

"பிள்ளை, உதைக் கழட்டு. உது செத்தவீடு."

"என்னம்மா சொல்லுறீங்கள்? உது தேத்தண்ணிச் சாமான்."

"சாமானெல்லாம் கழுவி வைச்சுக் கிடக்கு. அடுப்பு எரியேல்லை. ஒரு சனமில்லை. செத்தவீட்டிலைதான் அடுப்பு மூட்டுறேல்லை. உனக்கு நான் சொல்லித் தரவேணுமோ?"

அக்கா படத்தைக் கழற்றி யன்னலருகே கொண்டுபோய்ச் சரித்துப் பிடித்தார். அப்போதுதான் நானும் கண்டேன். கேத்திலுக்கு மேலே நிறமே இல்லாமல், தாள் மட்டும் மெல்லிய கோடுகளாகப் புடைத்திருந்தது. மையில்லாத பலகையை அழுத்தி எடுத்த ஆவி. "தண்ணி கொதிக்குது, அம்மா. முதலாளி அம்மா சொன்னவ, விருந்தாளி வாறதுக்கு முதலே எல்லாத்தையும் ஆயத்தமா வைப்பினமாம். அவர் வரப்போறார் எண்டதுதான் இந்தப் படம்" என்றார். அவர் என்று அக்கா சொன்னால் அது அத்தான்தான். படம் மறுபடி சுவருக்குப் போனது. சுவரில் ஆவி தெரியவில்லை.

எண்பத்தேழு ஐப்பசியில் யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டது. தபாலும் தொலைபேசியும் நின்றுபோயின. அத்தான் இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல ஒருவருமில்லை. காலையில் அம்மா படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவார். மாலையில் வேலையால் வந்த அக்கா நேரே திருப்புவார். அதைப் பற்றி இருவரும் கதைப்பதில்லை. 

அந்த மாரிக் குளிரில் அக்காவுக்குத் தலையிடி தொடங்கியது. குளிசையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். ஒருநாள் கையிலிருந்த கண்ணாடித் தட்டு தானாக நழுவி விழுந்ததாகச் சிரித்துக்கொண்டு சொன்னார். டொக்டரிடம் போவோம் என்றேன். "அவர் வரட்டும், போவம்" என்றார். எங்கள் பயமெல்லாம் ஊர்ப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குள்ளே திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு கொழும்பிலிருந்து போன் வந்தது. அத்தானின் குரல். தகப்பனார் போய்விட்டார், அத்தான் தப்பி வந்துவிட்டார், விசாவும் கிடைத்துவிட்டது. அக்கா அழவில்லை. "நீங்கள் கதவைத் திறக்கேக்கை கேத்தில் கொதிச்சுக்கொண்டிருக்கும்" என்று மட்டும் சொன்னார். போனை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்து, "இனி அதைத் திருப்பாதேங்கோ" என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்.

அத்தான் வரவேண்டிய வாரம், கடையில் சட்டமொன்றைத் தூக்கியபடியே அக்கா சரிந்து விழுந்தார். மூளையில் இரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நினைவில்லை. பிறகு நினைவு திரும்பவேயில்லை.

அத்தானுக்குச் சொல்ல வேண்டாமென்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். எங்கள் ஆட்களின் வழக்கம் அது. தூரத்திலிருந்து வருபவர் வீடு வந்து சேரும்வரை சாவைச் சொல்வதில்லை. எயாப்போட்டில் கேட்டால் கொஞ்சம் சுகமில்லை என்று சொல்லவேண்டும். அவர் வரும்வரை அக்காவின் உடலைச் சவச்சாலையில் வைத்திருந்தோம். அந்த நாட்களில், எரியாத அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விருந்தாளி வருவாரா மாட்டாரா என்று அம்மாவும் அக்காவும் இழுபறிப்பட்டார்களே, தேத்தண்ணி போடுகிறவரும் அந்தப் படத்தில் இல்லை. அது எங்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

வழக்கமாக நன்றி கடைசியில் வரும். கடைசியில் எழுதவேண்டியது வேறொன்று இருப்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் சட்டிகளில் சோறும் கொண்டுவந்த எங்கள் மாடி அயலவர்களுக்கும், பிறம்ரனிலிருந்து பனிக்குள் காரோட்டி வந்து அம்மாவோடு தங்கிய உறவினர்களுக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும், கடையைப் பூட்டிவிட்டு வந்து எங்களோடு நிலத்தில் அமர்ந்திருந்த முதலாளி அம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உரியது.

அத்தான் வந்தார். பக்கத்து வீட்டு அங்கிள் அவரை எயாப்போட்டிலிருந்து கூட்டிவந்தார். கதவு திறந்தேயிருந்தது. வரவேற்பறை நிறையச் சனம். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.  அவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே சமையலறைக்குள் போனார். சுவரிலிருந்த படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அடுப்பிலிருந்த கேத்திலில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்சநேரம் கையை எடுக்கவேயில்லை.

"மாமி," என்றார் அம்மாவிடம், "எப்ப?"