பேனரில் சிரிக்கும் குடும்பத் தலைவி

எங்கள் சந்து முனையில் நான் ஒரு கோடைக்காலம் முழுக்கச் சிரித்துக்கொண்டே தொங்கினேன். ஃப்ளெக்ஸ் பேனரில், கையில் அரசாங்க வைத்திய அட்டையோடு. மேல்வரிசையில் பல் இல்லாத சிரிப்பு. பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் எல்லோரும் என் ஈறைப் பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறினார்கள்.

அந்த அட்டையில் பெண்பிள்ளைதான் குடும்பத் தலைவி. கேள்விப்பட்ட அன்றைக்கே என் வீட்டுக்காரர் படத்தின் முன்னால் போய் நின்று, "இனிமே நான்தான் தலைவி. மாலை வேணும்னா மனு போடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

அட்டைக்குப் பதிவு செய்யும் முகாமை நடத்தியவர் எங்கள் பேட்டை தாதா. இங்கே வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். நம் ஊர் அர்த்தத்தையும் சேர்த்துக்கொண்டால் தப்பில்லை. கிளப் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் ஒவ்வொருவருக்கும் 'டைட்டில்' கேட்டாள். வங்காளிகளுக்கு மாமனார் முதல் மருமகள் வரை பெயருக்குப் பின்னால் ஒரே வால். நமக்கேது வால்? என் பெயருக்குப் பின்னால் வீட்டுக்காரர் பெயர். பிள்ளைக்கும் அதே. மருமகளுக்கும் பேத்திக்கும் என் பிள்ளையின் பெயர். நம் வழக்கப்படியே சொன்னேன். அந்தப் பெண் முழித்தாள்.

"கவலைப்படாதீங்க மாஷிமா, நான் இருக்கேன்" என்றார் தாதா. மாஷிமா என்றால் சித்தி. பெற்ற பிள்ளைகூட அவ்வளவு இனிப்பாக என்னிடம் பேசியதில்லை. அட்டை வந்ததும் அதை என் கையில் கொடுத்து, பேனருக்குப் போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

நானும் மருமகளும் இட்லி மாவு அரைத்து விற்கிறோம். சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவள்தான் பஸ்ஸில் தூக்கிப்போய்க் கொடுப்பாள். ஒருநாள் மாவுத் தூக்கைத் தூக்கியவள் அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பித்தப்பையில் கல். அறுத்துத்தான் எடுக்கவேண்டும் என்றார் டாக்டர்.

அட்டைதான் இருக்கிறதே என்று எனக்குத் தெம்பு. பவுடர் போட்டுக்கொண்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு, தலைவி மாதிரியே அவளை நர்சிங் ஹோமுக்கு அழைத்துப்போனேன். கவுண்டர்காரர் அட்டையைச் சொருகிப் பார்த்தார்.

"உங்க பேர் இருக்கு. மகன் பேர் இருக்கு. இந்தம்மா பேர் இல்லையே."

"நல்லா பாருப்பா. இவ என் மருமக. பேத்தி பேருக்குக் கீழ இருக்கும்."

"பேத்தி பேரும் இல்ல."

வார்டு ஆபீசுக்குப் போனோம். வால் வேறாக இருந்ததால் அவர்கள் இருவரும் வேறு குடும்பம் என்று சரிபார்த்தபோது எடுத்துவிட்டார்களாம். சரி, அவளுக்கே தனி அட்டை போடுங்கள் என்றேன். போடலாமாம், புருஷனைக் காட்டவேண்டுமாம். புருஷனோ என் அட்டையில் இருக்கிறான். அங்கிருந்து அவனை எடுக்க அடுத்த முகாம் வரவேண்டும். அது எப்போது வரும் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

வெளியே வந்ததும் மருமகள் சுவரில் சாய்ந்துகொண்டாள். வலியிலும் வாய் ஓயவில்லை.

"அத்த, வந்த புதுசுல 'நீ இந்த வீட்டுக்கு ஆவ மாட்டே'ன்னு திட்டுனீங்களே. கம்ப்யூட்டர் காதுல விழுந்துடுச்சு போல."

நான் சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

கிளப்புக்குப் போனேன். தாதா கேரம் ஆடிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அது கம்ப்யூட்டர் பண்ணினது மாஷிமா. நான் என்ன செய்ய?"

"நான் இருக்கேன்னு சொன்னியேப்பா."

"இருக்கேனே. இங்கதான் இருக்கேன்." காயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவருக்கு வேண்டியிருந்தது என் ஈறு மட்டும்தான்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் அட்டையே கேட்கவில்லை. கட்டிலுக்குத்தான் வழியில்லை. பூஜைப் பண்டிகையெல்லாம் முடிந்து வாருங்கள், தேதி சொல்கிறோம் என்றார்கள். அதுவரை கல் சும்மா இருக்குமா? சாப்பிட்டது எதுவும் அவள் வயிற்றில் தங்கவில்லை. பிள்ளை வேலைக்குப் போகுமுன் மாவைக் கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் சுருண்டு படுத்திருந்தாள். மழையும் பிடித்துக்கொண்டது. அவள் படுக்கைக்கு நேர் மேலே ஓடு ஒழுகியது.

சந்து முனையில் என் பேனரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். தாதா கீழே நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழசை என்கிட்ட குடுத்துடு" என்றேன்.

"அது எதுக்கு மாஷிமா உங்களுக்கு?"

"என் மூஞ்சிதானே. இல்ல, அதுக்கும் வால் வேறயா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தாதா சிரிக்கவில்லை. சுருட்டிக் கொடுத்தார்.

பிள்ளை அதை ஓட்டுக்கு அடியில் இழுத்துக் கட்டினான். ஒழுகல் நின்றது. கண்ணைத் திறந்து மேலே பார்த்த மருமகள் முகத்தைச் சுளித்தாள்.

"அத்த, அட்டையக் காட்டிக்கிட்டு என்னப் பாத்துச் சிரிக்கிறீங்க. திருப்பிக் கட்டச் சொல்லுங்க."

திருப்பிக் கட்டச் சொன்னேன். இப்போது அவளுக்குத் தெரிவது வெறும் வெள்ளை. ஓட்டில் இறங்கும் தண்ணீரெல்லாம் மேலே என் சிரிப்பில் விழுகிறது. விழட்டும். அந்தத் தலைவிக்கு வேறு வேலை ஒன்றும் இல்லை.