கடிதத்தில் இருந்த ‘புரோகிரசிவ்’

கொக்குவிலில் கணிதம் படிப்பித்த என் அண்ணைக்கு முதலில் வெண்கட்டிதான் கையிலிருந்து நழுவியது. சில மாதங்களில் சேட்டுப் பொத்தானைப் பூட்ட முடியாமற் போயிற்று. கொழும்பில் வைத்தியரிடம் காட்டிவிட்டு வந்தபோது ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டிருந்தார்கள். நான் ஆங்கில ஆசிரியை. அண்ணி அதை என்னிடம் தந்தார்.

நோயின் நீண்ட பெயருக்கு முன்னால் ‘புரோகிரசிவ்’ என்றிருந்தது. அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கும் அண்ணி அந்தச் சொல்லை எட்டிப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்.

“உது எங்கடை பாடத்திலையும் வாறதுதானே? முற்போக்கு. அப்ப முன்னேற்றம் இருக்கெண்டுதானே எழுதியிருக்கு?”

வகுப்பில் அதே சொல்லை வினைச்சொற்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான்: நடந்துகொண்டிருப்பது, இன்னும் முடியாதது. வைத்தியத்தில் அது நாளுக்கு நாள் முற்றுவது என்பதும் தெரியும். அண்ணியின் முகத்தைப் பார்த்தேன்.

“ஓம் அண்ணி.”

பின்னேரம் அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டார்.

“பிள்ளை, எங்கடை கணக்கிலை உது விருத்தி, எண்கள் வரிசையாய் ஏறிக்கொண்டே போறது. கூட்டிக் கூட்டிப் போகுமோ, பெருக்கிப் பெருக்கிப் போகுமோ எண்டுதான் தெரியேல்லை.” சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. இருவரும் அழுதோம். “அவவுக்குச் சொல்லாதை. நம்பிக்கொண்டு இருக்கட்டும்.”

ஒரு வருடம் அண்ணி ஓயவில்லை. எண்ணெய் பூசி, ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டினார். வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தார். “இண்டைக்குப் பெருவிரல் அசைஞ்சது” என்று என்னைப் போனில் கூப்பிட்டுச் சொல்வார். அண்ணைக்குப் பேச்சு நின்றது. பிறகு கஞ்சியும் இறங்கவில்லை.

அன்று மத்தியானம் அண்ணி வெயிலில் சைக்கிள் மிதித்துக் கோப்பாயில் என் வீட்டுக்கு வந்தார்.

“நான்தான் எங்கையோ பிழை விட்டிட்டன். கடிதத்திலை நல்லாத்தானே போட்டிருந்தது. ஒரு வெள்ளி விரதத்தை விட்டனான், அதாலையோ?”

அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். அண்ணி ஏசவில்லை.

“அவருக்குத் தெரியுமோ?”

“ஓம். கடிதம் வந்த அண்டைக்கே.”

“நான் ஒரு வருசமாய் அவருக்கு முன்னாலை சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். அவர் ஆரோடை அழுதவர்?”

“என்னோடை.”

தலையை ஆட்டினார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நானும் என் சைக்கிளில் பின்னால் விரைந்தேன். போய்ச் சேர்ந்தபோது, அண்ணையின் நெஞ்சில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தார். அண்ணையின் கண்கள் நிறைந்திருந்தன. அண்ணியின் தலையைத் தடவ அவர் கை எழும்பவில்லை.

மூன்று கிழமையில் அண்ணை போய்விட்டார். அண்ணி இன்றும் என்னோடு நல்லபடியாகத்தான் கதைக்கிறார். சாப்பிட்டீரா என்று கேட்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.