இலை ஓரத்து உப்பு

விருந்து இலையில் முதலில் விழுவது உப்புதான், இடது ஓரத்தில் ஒரு சிட்டிகை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அத்தானின் கை நினைவுக்கு வரும். அக்காவின் கணவர், வரிச்சிக்குடியில் நெல் சாகுபடி. எண்பதுகளின் தொடக்கத்தில் காரைக்கால் பள்ளி ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தபோது அவர்கள் வீட்டில் தங்கித்தான் பஸ்ஸில் போய்வந்தேன். நான் சமைக்கிற அன்று, "என்ன கொழுந்தியா, உப்பு வாங்க இன்னும் சம்பளம் வரலையா?" என்பார்.

ஒரு நடவின்போது வரப்பிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். காரைக்கால் டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, இதயம் களைத்துப்போயிருக்கிறது, மாத்திரையோடு உப்பையும் குறைத்தே ஆகவேண்டும் என்றார். அத்தானின் அப்பா நாற்பதைத் தாண்டாமலே களத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். அக்காவுக்கு அந்தப் பயம். மறுநாளிலிருந்து சோறு, குழம்பு, ரசம் எதிலும் உப்பு விழவில்லை. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க" என்று முணுமுணுத்தபடி அத்தானும் சாப்பிட்டார்.

ஆனாலும் பிரஷர் இறங்கவில்லை. டாக்டர் அக்காவைத்தான் சந்தேகப்பட்டார். "உப்பு ஜாடியையே பரண்ல ஏத்திட்டேங்க" என்று அவள் அழுதுவிட்டாள். காலையில் பழைய சோற்றுக்கு என்ன தொட்டுக்கொள்கிறார் என்று கேட்டார் டாக்டர். மோர் மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாய், கருக்களாச்சேரியிலிருந்து கூடையில் வரும் கருவாடு என்று அக்கா ஒளிக்காமல் சொன்னாள்.

"அதுல உப்பு இல்லையாம்மா?"

"அது தொட்டுக்கிறதுதானுங்களே. சமையல்ல நான் போடலைங்களே."

எனக்கும் அதுவரை தோன்றவில்லை. வாத்தியாரம்மா என்று பேர். எங்களுக்கு உப்பு என்றால் அடுப்பில் கொதிப்பதில் போடுவது. ஊறியதும் காய்ந்ததும் வேறு கணக்கு.

அதையும் நிறுத்தச் சொன்னதும் அத்தான் முறுக்கிக்கொண்டார். "போற உசுரு எப்படியும் போவும். கருவாட்ட மட்டும் நிறுத்தாத." அக்கா, அவர் பிரஷர் இறங்கும்வரை தன் வாயில் உப்பு படாது என்று அம்பகரத்தூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். அவருக்குக் கருவாட்டைச் சுட்டு வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து வெறும் மோர்ச்சோறு சாப்பிட்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நோய் ஒருவருக்கு, பத்தியம் இன்னொருவருக்கா? அத்தான் சில நாள் பார்க்காததுபோல் இருந்தார். அப்புறம் ஒரு காலையில் கருவாட்டைத் தட்டோடு நகர்த்தினார். "ஒன் வேண்டுதல் எனக்குத் தொண்டைல எறங்க மாட்டேங்குது" என்றார். ஊறுகாய் ஜாடி அன்றே நடவாட்களோடு போய்விட்டது.

சிறுகச் சிறுக பிரஷர் இறங்கியது. டாக்டர் திருப்தியாகத் தலையாட்டிய வாரம் அம்பகரத்தூர் போய் வேண்டுதலை முடித்துவந்தோம். வீட்டில் இலை போட்டதும் அத்தானே பரணிலிருந்து உப்பு ஜாடியை இறக்கினார். அவர் யாருக்கும் பரிமாறி நான் பார்த்ததில்லை. அக்காவின் இலை ஓரத்தில் ஒரு சிட்டிகை வைத்தார். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. பழைய பழக்கத்தில் நான் அவர் இலைக்கும் உப்பு எடுத்துப்போனேன். உள்ளங்கையை விரித்து இலை ஓரத்தை மறைத்துக்கொண்டார்.

பேரப்பிள்ளைகளைத் தூக்கி வளர்த்துவிட்டுத்தான் போனார் அத்தான். இப்போது எனக்கும் பிரஷர். நாக்கு கேட்கத்தான் செய்கிறது. ஆனால் கல்யாணப் பந்தியில் உப்பு வைப்பவர் என் இலைக்கு வந்து குனியும்போது, கை தானாகப் போய் அந்த ஓரத்தை மறைத்துக்கொள்கிறது.