எத்தனை என்று கேட்கும் அத்தான்

“எத்தனை?”

காலையில் அத்தான் வாயிலிருந்து வரும் முதல் சொல் இதுதான். நன்றாகத் தூங்கினாயா என்ற விசாரிப்பெல்லாம் கிடையாது. மேசைக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு வயது மகள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருப்பாள். வாய் நிறைய ரொட்டி இருப்பதால் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவாள். வயிற்றுவலி பத்துக்கு இரண்டு என்று பொருள். அத்தான் அதைக் கைபேசியில் ஏற்றிவிட்டுத்தான் காபியைத் தொடுவார். அதற்குள் அது ஆறிப்போயிருக்கும். ஆறிவிடும் என்பதையும் அவரே முன்கூட்டிச் சொல்லியிருப்பார்.

என் அக்காள் கணவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. எந்த லாரி எத்தனை வருஷம் ஓடும், எப்போது கவிழும் என்று கணக்குப் போட்டுப் பிரீமியம் நிர்ணயிப்பது அவர் பொறுப்பு. மற்றவர்கள் அந்த வேலையை சாயங்காலம் அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். இவர் வீட்டுக்குக் கொண்டுவருகிறார். லிஃப்டில் ஏறினால், “இது ஒரு நாள் நடுவுல நிக்கும், பாருங்க” என்று கூட இருப்பவர்களுக்குச் சொல்வார். சினிமாவில் வெளியேறும் கதவை ஒட்டிய இருக்கைதான் வேண்டும். என் கல்யாணத்தன்று கையைக் குலுக்கிவிட்டுக் காதருகே குனிந்து, “முதல் ரெண்டு வருஷம் பாத்து இரு மாப்ளே, நிறைய பேரு அதுலதான் பிரியறாங்க” என்றார். பக்கத்தில் நின்ற என் மனைவிக்கும் அது கேட்டுவிட்டது. உறவுக்குள் அவருக்கு ‘வானிலை’ என்று பெயர். அவர் முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை.

மகளுக்கு ஒன்பது வயதில் க்ரோன்ஸ் நோய் என்று தெரிந்தது. குடலில் புண் வரும், மருந்துக்கு அடங்கும், மறுபடி கிளம்பும். சில குழந்தைகளுக்கு மருந்தோடு காலம் ஓடிவிடும். சிலருக்குப் புண் ஆறி ஆறித் தழும்பேறி, குடல் குறுகி, சாப்பாடு போக வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். அந்தச் சிலரில் இவளும் ஒருத்தியா என்பதுதான் வீட்டில் எல்லோரையும் அரித்த கேள்வி. அக்காள் அழுதாள். அத்தான் அழவில்லை. இத்தனை காலம் வேலைவெட்டி இல்லாமல் அலைந்துகொண்டிருந்த அவருடைய பயத்துக்கு அன்றைக்கு நிரந்தர உத்தியோகம் கிடைத்தது.

முதல் கேள்வியே டாக்டரம்மாவிடம், “எத்தனை சதவீதம் டாக்டர்?” என்பதுதான். நானும் கூட இருந்தேன்.

“நூறு குழந்தைங்களைப் பத்திக் கேட்டா ஓரளவு சொல்லலாம்ங்க. குடல்ல எந்த இடம், எந்த வயசுல வந்துச்சு, மருந்துக்கு எப்படிக் கேக்குதுன்னு நாங்களும் பாக்கத்தான் செய்யறோம். ஆனா இந்த ஒரு குழந்தைக்கு இன்னதுதான் ஆகும்னு இன்னைக்கே அடிச்சுச் சொல்ல முடியாது. பாத்துக்கிட்டே இருக்கணும்.”

படியிறங்கும்போது அத்தான் என்னிடம், “இவ்வளவு படிச்சிருக்காங்க, ஒரு பர்சென்டேஜ் சொல்லத் தெரியல” என்று அங்கலாய்த்தார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, டாக்டர் செய்ய மறுத்த வேலையை இவர் கையில் எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று.

எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் கூடம் அவருக்கு ஆராய்ச்சிக்கூடம் ஆயிற்று. “தம்பிக்குச் சிறுகுடலா, பெருங்குடலா?” என்று பெண் பார்க்கப் போன இடத்தில் படிப்பு விசாரிப்பதுபோல விசாரிப்பார். ஒரு பையனின் அம்மா வெள்ளந்தியாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அத்தான் கண்ணை மூடிக் கணக்குப் போட்டு, “அப்ப உங்களுக்கு ஆபரேஷன் வரைக்கும் போகும்னு தோணுது” என்றார். அக்காள் அவர் காலை மிதித்தாள். அவர் எதற்கு மிதிக்கிறாய் என்று சத்தமாகவே கேட்டார். அந்தப் பெண் பையனை இழுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

இந்த மேதையின் கணக்கு முழுவதும் காலை நேரத்து எண்ணின்மேல்தான் நின்றது. எண்ணுக்கு ஏற்ற சட்டதிட்டங்களும் வைத்திருந்தார். மூன்று என்றால் விளையாட்டு வகுப்பு கிடையாது. நான்கு என்றால் தோழி வீடு கிடையாது. ஐந்து சொன்னால் பள்ளிக்கூடமே கிடையாது, போதாக்குறைக்கு அத்தைகள், சித்திகள் எல்லோரும் வரிசையாகப் போன் செய்து என்னவென்று கேட்பார்கள். போன வருஷம் பள்ளியில் மலைக்குக் கூட்டிப்போனபோது, கிளம்புகிற அன்று பாவம் இவள் “நாலு” என்று சொல்லித் தொலைத்தாள். கட்டிவைத்த பையை அத்தானே அவிழ்த்து, துணிகளை அலமாரியில் அடுக்கினார்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது இரண்டு. நாள் தவறாமல் இரண்டு. அத்தான் கைபேசியில் அந்தக் கோடு ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக ஓடியது. வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினார். “இன்னும் ஒரு வருஷத்துக்கு ஒண்ணும் வராது, எழுதி வச்சுக்கோ மாப்ளே” என்றார். எனக்கு நினைவு தெரிந்து அவர் சொன்ன ஒரே நல்ல ஜோசியம் அதுதான்.

அக்காளுக்கு அந்தக் கோட்டில் நம்பிக்கை இல்லை. “அவளுக்கு யூனிஃபார்ம் இடுப்புல நிக்க மாட்டேங்குதுங்க. ஊக்கு குத்தி அனுப்பறேன்.”

“வளர்ற பிள்ளை அப்படித்தான் இருக்கும். எண்ணைப் பாரு.”

எண்ணைப் பார்த்தார்கள். அடுத்த பரிசோதனை நாளில் டாக்டரம்மாவும் பார்த்தார். கோட்டை மரியாதைக்கு ஒரு பார்வை பார்த்துவிட்டு, குழந்தையின் எடையைப் பார்த்தார். பிறகு படுக்கவைத்து வயிற்றை அழுத்தினார். “நீங்க கொஞ்சம் வெளியில இருங்க” என்று அத்தானை அனுப்பினார். கதவு திறக்க நேரமாயிற்று. அதன் பிறகு ஸ்கேன், அதன் பிறகு உட்காரவைத்துப் பேச்சு. சிறுகுடலில் ஓரிடம் நன்றாகக் குறுகிவிட்டது, மருந்தால் இனி விரியாது, அந்தத் துண்டை வெட்டி எடுத்துத் தைக்க வேண்டும் என்றார்.

“உங்ககிட்ட ரெண்டுன்னு சொல்லியிருக்கா. என்கிட்ட ஏழுன்னு சொன்னா. சாப்பிட்டா வலிக்குதுன்னு பாதி சாப்பாட்டைத் தூக்கிப் போட்டுட்டு இருந்திருக்கா, ரொம்ப நாளா.”

எந்தத் தகப்பனும் நொறுங்கிப்போகிற இடம் அது. அத்தான் வராந்தாவுக்கு வந்து, சுவரில் சாய்ந்து, வெகுநேரம் யோசித்து, “அப்ப என் கணக்கு தப்பில்லை மாப்ளே. எனக்கு வந்த தகவல்தான் தப்பு” என்றார். நான் கையைக்கூட ஓங்கியிருப்பேன். அக்காள் முந்திக்கொண்டாள்.

“கொஞ்ச நேரம் வாய மூடிட்டு இருங்க, வானிலை.”

அந்தப் பெயர் தனக்கு இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. ஜோசியம் சொல்கிற மனிதருக்கு இதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறது.

மறுநாள் வார்டில் படுத்திருந்த குழந்தையிடம் தனியாகக் கேட்டேன். “பொய் சொல்றதுன்னு ஆச்சு. ஒண்ணுன்னு சொல்லியிருக்கலாமே. அதென்ன ரெண்டு?”

அவள் போர்வை நுனியைத் திருகினாள். “ஒண்ணுன்னா நம்ப மாட்டாரு மாமா. மூணுன்னா பயந்துருவாரு. ரெண்டுன்னா நிம்மதியாக் கவலைப்படுவாரு.”

அப்பாவை அவள் கணித்த அளவுக்கு அவளை அப்பா கணிக்கவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவரை நினைத்துத்தான் ஆத்திரமாக இருந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது.

ஆபரேஷன் அன்று காலை அத்தான் முகம் மழிக்காமல் வந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அல்லது அக்காள் பிடுங்கி வைத்திருக்கலாம். டாக்டரம்மாவைக் கண்டதும் சதவீதம் கேட்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். “சாப்பிட்டீங்களா டாக்டர்?” என்று கேட்டார். அவர் சாப்பிட்டேன் என்றதும் பெரிய ஆறுதல் கிடைத்தவர்போலத் தலையாட்டினார்.

பச்சை உடுப்பு போட்ட மகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து தியேட்டர் கதவருகே ஒரு நிமிஷம் நிறுத்தினார்கள். அக்காள் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். நான் கன்னத்தைத் தட்டினேன். அத்தான் கால்மாட்டில் நின்றுகொண்டு வாயைத் திறந்தார். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. மூடிக்கொண்டார்.

அவள்தான் தலையை உயர்த்தி அவரைப் பார்த்தாள்.

“அப்பா, உங்களுக்கு எத்தனை?”

வண்டி நகர்ந்து கதவு திறந்தபோது, அத்தான் கையை மேலே தூக்கி அவளுக்கு இரண்டு விரலைக் காட்டினார். கதவு மூடிய பிறகும் அந்தக் கையை இறக்கவில்லை.