பிளம்லியின் சிவப்பு உள்ளாடை

கவிஞர் ஹெசகாயா பிளம்லி செத்துப்போய் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அவர் வாழ்ந்த வீட்டைச் சுற்றிக்காட்டும் வெர்லீன் பெல்கிக்கு இன்னும் தினமும் அவரோடுதான் பிழைப்பு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இருக்கும் அந்தச் சிற்றூரில் பிளம்லியைப் படித்தவர்கள் குறைவு. மதிக்காதவர்கள் அதைவிடக் குறைவு. படிக்காததால்தான் மதிப்புக் கெடாமல் இருக்கிறது என்பது வெர்லீனின் கட்சி. அவள் படித்திருந்தாள். ஆகவே மதிப்புச் சற்றுக் குறைந்து, பிரியம் கூடியிருந்தது.

பல்வலிக்காரர் போல முறைக்கும் அவர் படத்தின் முன் பள்ளிப் பிள்ளைகள் கொட்டாவி விடுவதைப் பார்த்துச் சலித்துப்போய், ஒரு மழைநாளில் பென்சிலை எடுத்தாள். அவள் வரைந்த படங்களில், பனியைப் போற்றியவர் பனியில் வழுக்கி விழுந்தார். காற்றை வாழ்த்திப் பாடியவரின் சிவப்புக் கம்பளி உள்ளாடையைக் கொடியிலிருந்து காற்றே அடித்துக்கொண்டு போக, போர்வையைச் சுற்றிக்கொண்டு அவர் பின்னால் ஓடினார். சுவரில் மாட்டியதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு சிறுமி, "அந்தக் காத்துப் பாட்டு எங்க இருக்கு?" என்றாள். அதுவரை அந்த வீட்டில் கழிப்பறை எங்கே என்று மட்டுமே கேட்டிருக்கிறார்கள்.

அந்த வீட்டைப் பராமரிக்கும் காப்புச் சங்கத்தின் தலைவி அல்மீரா ஹோப்குட் வந்து பார்த்தார்.

"பெரிய மனுஷருக்கு உள்ளாடையா, வெர்லீன்?"

"போடாம இருந்தார்னு வரைஞ்சா இன்னும் மோசமில்லையாம்மா?"

"சனிக்கிழமை விருந்துல சங்கம் முடிவு பண்ணட்டும். அந்தப் படமெல்லாம் இருக்கணுமா வேண்டாமான்னு."

பானை பானையாக வெந்த அவரைவிதையும் பழுப்பு ரொட்டியும் பரிமாறும் விருந்து அது. யார் எந்தப் பக்கம் என்று வெர்லீன் முகங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். படங்கள் போனால் மறுபடியும் கொட்டாவிதான்.

வாக்கெடுப்புக்கு முன்னால் ஓரின் டிபெட்ஸ் எழுந்தார், கிழட்டு மீனவர். அந்த ஊரில் பிளம்லியின் பொருள் இல்லாத பரண் கிடையாது. அவருடையவை என்று சொல்லப்படும் கைத்தடிகளையெல்லாம் கூட்டினால் மனிதர் மரவட்டையாகத்தான் இருந்திருக்க வேண்டும். டிபெட்ஸ் குடும்பத்துக்கு மட்டும் எதுவும் வாய்க்காத குறை. ஓரின் பொட்டலத்தைப் பிரித்தார். சிவப்புக் கம்பளி உள்ளாடை.

"எங்க கொட்டகையில கிடந்துச்சு. தாத்தாவுக்குத் தாத்தா காலத்துல காத்துல பறந்து வந்ததாம். வெர்லீன் படத்தைப் பாத்தப்புறம்தான் யாரோடதுன்னு விளங்குச்சு."

கூடத்தில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஹோப்குட் அம்மாள் கைக்குட்டையை விரித்து, அதை ஏந்தி வாங்கினார்.

"ஐயோ, அது நானா கற்பனை பண்ணி வரைஞ்சதும்மா!" என்றாள் வெர்லீன்.

"அடக்கம் வேண்டாம் கண்ணு. கலைஞர்களுக்கு உண்மை தானாத் தெரிஞ்சுடும்."

"பொத்தான் பிளாஸ்டிக்கா இருக்கே!"

"அவர் காலத்தை மிஞ்சின மனுஷர்னு நான் எப்பவும் சொல்றதுதானே?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. உள்ளாடையை வைக்கக் கண்ணாடிப் பெட்டி செய்வதென்று தீர்மானமானது.

"அப்போ படம் இருக்கலாமில்லையா?" என்று வெர்லீன் ஆவலாகக் கேட்டாள்.

ஹோப்குட் அம்மாள் திடுக்கிட்டார். "இனிமே எப்படி? புனிதமான பொருளைக் கேலி பண்றதா? எல்லாத்தையும் கழட்டிடு. பெட்டிகிட்ட நின்னு, குரலைத் தாழ்த்தி விளக்கம் சொல்லு."

பெட்டி வந்துசேர்ந்த திங்களன்று வெர்லீன் குரலைத் தாழ்த்தினாள். பிள்ளைகள் உள்ளாடையைப் பார்த்தே கொட்டாவி விட்டார்கள். கண்ணாடிக்குள் போனால் சிரிப்புக்கும் மூச்சு முட்டும் போலிருக்கிறது.

அன்று மாலை அவள் இன்னொரு படம் வரைந்தாள். பிளம்லி போர்வையோடு நடுங்கியபடி கண்ணாடிப் பெட்டியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறார். சுற்றிலும் பெரிய மனிதர்கள் தொப்பியைக் கழற்றி உள்ளாடையை வணங்குகிறார்கள், அவரை யாரும் கவனிக்கவில்லை. அதைக் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். ஹோப்குட் அம்மாள் தம் வீட்டைத் தவிர வேறெங்கும் அந்த மாதிரி அறைக்குள் நுழையமாட்டார்.

மறுநாள் கழிப்பறைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம். ஒரு பையன் கால்சட்டையை இழுத்துக்கொண்டே ஓடிவந்தான்.

"பாவம்ங்க அவர். குளிரைப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்காரா?"

"நிறைய," என்றாள் வெர்லீன், குரலைத் தாழ்த்தாமல். "வா, காட்டுறேன்."