என் மகளைத் தொட்ட கை

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட என் மகள், ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். பனியன் கம்பெனியில் தைத்துக் காய்த்துப்போன என் கைகளால் அவளைத் தொடவே பயம். தள்ளி நின்றுதான் பார்ப்பேன். நர்ஸ் ஸ்டெல்லாவோ பெட்டிக்குள் கைவிட்டு, "என் ராசாத்தி" என்று தடவுவாள். குழந்தையின் அழுகை உடனே அடங்கிவிடும். எனக்கு வயிறு எரியும். இவள் லீவு போட்டுத் தொலையக் கூடாதா என்றுகூட நினைத்திருக்கிறேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்: "ஏனுங்க சிஸ்டர், பெத்தவ நானே இன்னும் தொடலீங்க. என்ற புள்ளைய நீங்க கொஞ்சாதீங்க."

ஸ்டெல்லா கோபப்படவில்லை. "கையக் கழுவிட்டு வாங்கக்கா" என்றாள். என் கையைப் பிடித்துப் பெட்டிக்குள் விட்டாள். மகளின் முதுகு முழுவதும் என் உள்ளங்கைக்குள் அடங்கியது. அழுகை மட்டும் அடங்கவில்லை.

"பேசுங்கக்கா. வயித்துக்குள்ள கேட்ட குரல்லா, அவளுக்குத் தெரியும்."

"கண்ணு, அம்மா வந்திருக்கேன்" என்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் அமைதியானாள். நான்தான் அழுதேன்.

வீட்டுக்குக் கிளம்பிய அன்று மகளை ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். அந்தத் தோளில் சாய்ந்ததுமே குழந்தை கண்ணை மூடிக்கொண்டது. அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும், ஸ்டெல்லாவே திருப்பித் தரும்வரை கை நீட்டாமல் நின்றேன்.