டயர் வாளிக்குக் கிடைத்த அனுமதி

எண்பதுகளின் நடுவில், தர்மபுரியில் ஒரு டயர் ரீட்ரெடிங் கம்பெனியில் கிளார்க்காக இருந்தேன். என் முதலாளிதான் டயர் வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர். பத்துப் பேர் கூடி டீ குடித்தால் அதற்குச் சங்கம் என்று பெயர் வைத்துவிடுகிற கூட்டம் அது. திடீரென்று அவர்களுக்கு ஊர் நலனில் அக்கறை பொத்துக்கொண்டு வந்தது. மாவட்டத்துப் பழைய டயரையெல்லாம் சங்கமே சேகரித்து, வாளியும் செருப்புமாகச் செய்து விற்குமாம். வெளியாள் யாரும் பழைய டயரை அடுக்கி வைக்கக் கூடாதாம், தீப்பிடிக்குமாம். அனுமதி கேட்டு கலெக்டர் ஆபீசுக்கு மனு டைப் அடித்தவன் நான்தான்.

அந்த வெளியாள் என்பது தொப்பூர் கணவாய்க்குக் கீழே கொட்டகை போட்டிருந்த ஒரு பாய். கணவாயில் வெடித்த டயர்களை லாரிக்காரர்கள் அவரிடம்தான் தள்ளிவிட்டுப் போவார்கள். அதை அறுத்துக் கிணற்று வாளி செய்வார். அவர் வீட்டில் ஆறு வயிறு அதில்தான் நிறைந்தது.

அதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும் தலைவருக்கு வியர்த்துவிட்டது. சங்கத்தில் ஒருத்தருக்கும் டயர் அறுக்கத் தெரியாது. பாயிடம் இருபது வாளி வாங்கி வரச்சொல்லி என்னை அனுப்பினார். ஆபீசர் பார்க்கிற சாமான் என்று மட்டும் பாயிடம் சொன்னேன். அவர் இரண்டு நாள் உட்கார்ந்து, விளிம்பில் பிசிறில்லாமல் அறுத்துக் கொடுத்தார்.

அந்த வாளிகளைச் சங்கத்து ஷெட்டில் வரிசையாக அடுக்கி, சந்தனம் குங்குமம் வேறு வைத்தார்கள். வெட்கம் கெட்டவர்கள். வந்த அதிகாரி, "ஒண்ணு அறுத்துக் காட்டுங்க" என்றார். ஒரு மெக்கானிக் கத்தியை எடுத்தான். ரப்பரை அறுக்கும்போது கத்தியைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து இழுக்க வேண்டும். அது தெரியாமல் காய்ந்த கத்தியைச் செருகினான். டயர் கவ்விக்கொண்டது. மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் வரவில்லை.

"டயர் நல்ல ஸ்ட்ராங்குங்க சார்" என்றார் தலைவர், கூசாமல்.

அதிகாரியும் தலையாட்டினார். கத்தி டயரிலேயே நிற்க, இளநீர் குடித்துவிட்டு அனுமதியில் கையெழுத்துப் போட்டார். இந்த லட்சணத்துக்கு ஒரு ஜீப், டவாலி போட்ட ஒரு சேவகன்.

உத்தரவு நகலைப் பாயிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கவும் என்னையே அனுப்பினார்கள். படித்துக் காட்டினேன். பழைய டயர் இனிச் சங்கத்துக்கு மட்டும்தான், ஒரு வாரத்தில் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும்.

"அவங்க அறுத்துக் காட்டுனாங்களா சார்?" என்று கேட்டார்.

"கத்தி மாட்டிக்கிச்சு பாய்."

"தண்ணி தொடலீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதப் பாத்துக் குடுத்தாங்க?"

"உங்க வாளியத்தான்."

என் வாயிலிருந்து வந்ததிலேயே கேவலமான பதில் அது. அவர்களை ஏசி என்ன பயன், வாளியைச் சுமந்து போனவன் நான்.

"சொல்லியிருந்தா கோணலா அறுத்துக் குடுத்திருப்பேனுங்க" என்றார். பிறகு, "எங்கீங்க, அப்படி அறுக்கக் கை வராதுங்க" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட என்னிடம் பேனா கேட்டார்.